காதால் படிக்கிற ரகமாம்!

"அம்மா, நான் காதால் படிக்கிற ரகமாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் என் பெண். நர்ஸிங் முதல் வருஷம். வகுப்பிலே ஒரு கேள்வித்தாள் கொடுத்து, யார் எந்த ரகம் என்று பார்த்தார்களாம். எனக்கும் பெருமைதான், பக்கத்து வீட்டிலெல்லாம் சொன்னேன்.

அன்றிலிருந்து படம் வரைவதையும், எழுதிப் பார்ப்பதையும் விட்டாள். பாடத்தை செல்போனில் பதிவு செய்து, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போகிற பஸ்ஸிலும் கேட்டாள், படுக்கையிலும் கேட்டாள். உடற்கூறு டெஸ்டில் ஐம்பதுக்குப் பதினெட்டு! "எனக்கு இந்தப் படிப்பு வராதும்மா, நின்னுடறேன்" என்று ஒரே அழுகை.

அப்புறம்தான் அந்தக் கேள்வித்தாளைப் பற்றி விசாரித்தேன். நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங் உண்டாக்கியது. காலீன் மில்ஸ் என்பவருடன் சேர்ந்து 1992-ல் கட்டுரையாக வெளியிட்டார். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பழகுவது என்று நாலு ரகம். நம் நாட்டு மருத்துவ, நர்ஸிங் மாணவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை விரும்புகிறவர்களே நிறைய!

ஆனால் ரகத்துக்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தால் படிப்பு நன்றாக ஏறுமா? ஹெரால்ட் பேஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 2008-ல் ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். பிடித்த வழி வேறு, மனதில் நிற்கிற வழி வேறு.

யோசித்தால் நியாயம்தானே, சகோதரிகளே! நாடியை விரலால் பார்க்கணும், மூச்சைக் காதால் கேட்கணும், நகம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கணும். வெறும் காதை வைத்துக்கொண்டு நர்ஸ் என்ன செய்வாள்?

மனதில் நிற்கிற வழியும் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்கர்கள் மாணவர்களிடம் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது.

நமக்குக் கோலம் எப்படி வந்தது? நோட்டை மூடிவிட்டு வாசலில் போட்டுப் பார்த்துத்தானே! அதையே செய்தேன். புத்தகம் என் கையில், கோலமாவு அவள் கையில். "அசுத்த ரத்தம் முதல்லே எங்கேடி வரும்?" என்றேன். சமையலறைத் தரையிலேயே இதயத்தைப் போட்டாள். வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, இடது கீழறை... நடுவே தடுமாறினால் உடனே சொல்லாமல் கொஞ்சம் பொறுப்பேன். அப்புறம்தான் புத்தகத்தைக் காட்டுவேன். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்பேன். அடுத்த வாரமும் கேட்பேன்.

அடுத்த டெஸ்டில் முப்பத்தொன்று. பிரமாதமில்லைதான். ஆனால் "நின்னுடறேன்" என்ற பேச்சு நின்றுவிட்டது.

சின்னக் குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களே, "இவன் கணக்குக்கு லாயக்கில்லை", "இவள் இந்த ரகம்" என்று நாமே முத்திரை குத்திவிட வேண்டாம். பாடம் படித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "எங்கே, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இல்லை.