கல்காஸின் சிறகுகள்: எத்ருஸ்க ஆடியைப் பனுவலாக வாசித்தல்

இத்தாலியின் வுல்ச்சியில் கிடைத்த வெண்கல ஆடி ஒன்று வத்திக்கானின் கிரிகோரிய எத்ருஸ்க அருங்காட்சியகத்தில் உள்ளது. அது கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தது. அதன் பின்புறத்தில் தாடியுடைய முதியவர் ஒருவர் ஒரு காலைப் பாறைமேல் ஊன்றிக் குனிந்து, பலிவிலங்கின் ஈரலைக் கையிலேந்தி உற்றுநோக்குவதாகக் கோட்டுருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் முதுகில் இரு பெருஞ்சிறகுகள் உள்ளன. உடன் எத்ருஸ்க எழுத்தில் ‘கல்காஸ்’ என்னும் பெயர் காணப்படுகிறது.

ஓமரின் இலியட்டில் வரும் கல்காஸ் மானிடர், சிறகற்றவர், புள்நிமித்தம் காண்பதில் வல்லவர். ஆகவே இவ்வுருவத்தைக் கிரேக்கக் கதையைச் சரிவர அறியாத கைவினைஞரின் பிழையாகக் கருதத் தோன்றும். அக்கருத்து ஏற்புடையதன்று.

ஈரல் நோக்கித் தெய்வக் குறிப்பறிதல் எத்ருஸ்கச் சமயத்தின் தலையாய கலைகளுள் ஒன்று. 1877இல் பியாசென்சா அருகே கண்டெடுக்கப்பட்ட வெண்கல ஈரல் மாதிரி இதற்குச் சான்றாகும். அதன் விளிம்பு 16 பகுதிகளாக வகுக்கப்பட்டு, தெய்வப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இதனோடு இணைத்து நோக்கின், ஆடியைப் பொறித்தவர் அயல்மரபின் நிமித்திகரைத் தம் சமயக் கலையில் வல்லவராக மாற்றியமைத்தார் என்பது புலனாகும். சிறகுகளையும் மானிடர்க்கும் தெய்வங்களுக்கும் இடைநிற்கும் நிலையின் குறியீடாகக் கொள்ள இடமுண்டு.

இம்மாற்றம் தற்செயலானதன்று என்பதற்கு வோல்தெர்ராவில் கிடைத்த மற்றோர் ஆடி துணைநிற்கிறது. கிரேக்க மரபில் ஹெராக்ளிஸ் அல்க்மீனியின் மகன்; ஹீரா அவனைப் பகைத்தவள். வோல்தெர்ரா ஆடியிலோ, ஹீராவுக்கு இணையான ஊனி, வளர்ந்த ஹெர்க்லேவுக்குப் பாலூட்டுகிறாள். அவனை ‘ஊனியின் மகன்’ என்றே அதன் பொறிப்பு குறிக்கிறது. படமும் எழுத்தும் ஒருங்கே நின்று வேறொரு கதையைக் கூறுகின்றன.

எத்ருஸ்கரின் இலக்கியம் ஏறத்தாழ முற்றும் அழிந்துவிட்டது. கல்லறைகளில் இறந்தோருடன் வைக்கப்பட்ட இத்தகைய ஆடிகளே அவர்தம் தொன்மங்களை அறிய எஞ்சியுள்ள முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். அவற்றையும் கிரேக்க நூல்களின் வழுவுற்ற படிகளாக வாசிப்பின், அம்மக்களின் குரல் இரண்டாம் முறையாக இழக்கப்படும்.

ஒப்பாய்வு செய்யும் தமிழ் ஆய்வாளர்க்கும் இது பொருந்தும். தழுவல் நூல்களைப் பற்றிய ஆய்வேடுகள் பலவற்றில் ‘மூலத்திலிருந்து விலகும் இடங்கள்’ என்னும் பட்டியலோடு இயல் முடிந்துவிடுகிறது. என் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டிலும் அத்தகைய பட்டியலையே தந்துள்ளேன். விலகல் எந்தச் சமூகத் தேவையால் நிகழ்ந்தது என்னும் வினாவை எழுப்பியிருத்தல் வேண்டும். பட்டியல் முடியுமிடத்திலேயே ஆய்வு தொடங்குகிறது என்பது இவ்வாடி உணர்த்தும் பாடமாகும்.