பிராக்கெட்டுக்கு யார் பொறுப்பு?

பழைய புல்லட்டில் பின்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுவது இப்போது இளைஞர்களிடையே ஒரு மோகமாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் மகனோ பேரனோ இந்தப் பேச்சை எடுத்திருக்கலாம். "டிஸ்க்கும் காலிப்பரும் நல்ல கம்பெனி ஐட்டம் தாத்தா" என்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அந்தக் காலிப்பரை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கிற பிராக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். "அது ஒரு துண்டு பிளேட்டுதானுங்க தாத்தா, லேத்துல குடுத்துப் பண்ணிக்கலாம்" என்று பதில் வரும். எனக்கு வருத்தம் தருவது அந்தப் பதில்தான்.

லேத் பட்டறைகளை நான் குறைத்துப் பேசவில்லை. டூல் ரூமிலேயே காலம் கழித்தவன் நான். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பட்டறைகளின் கைத்திறமை எனக்குத் தெரியும். வரைபடம் கொடுத்தால் அச்சு அசலாகச் செய்து கொடுப்பார்கள். இங்கே வரைபடம் யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அட்டையில் வெட்டிய ஒரு மாதிரியை நீட்டி, "இதே மாதிரி ரெண்டு ஓட்டை போட்டுக் குடுங்கண்ணா" என்றால் அவரும் அதைத்தான் செய்வார்.

அந்தத் துண்டு பிளேட் தாங்க வேண்டிய பாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தின் மேல் 100 கிலோ பாரம் இருப்பதாக வையுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் டயர் தரையைப் பிடித்து இழுக்கும் விசை சுமார் 80 கிலோ வரை போகும். சக்கரத்தின் மையத்திலிருந்து தரை ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளியிருக்கிறது. பேட் டிஸ்க்கைக் கவ்வும் இடமோ மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, காலிப்பரின் மேல் வரும் விசை மூன்று மடங்கு, அதாவது 240 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் கிட்டத்தட்டப் பத்து! சக்கரம் சுற்றும் திசையிலேயே காலிப்பரையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும் அந்த விசையைத் தடுத்து நிறுத்துவது பிராக்கெட் ஒன்றுதான். அது முறிந்தால் பிரேக் போவதோடு முடியாது. காலிப்பர் சுழன்றுபோய் ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கினால் சக்கரமே இறுகி நின்றுவிடும்.

செய்தே தீருவேன் என்பவர்களிடம் நான் கேட்பது மூன்று கேள்விகள்.

முதலாவது, செயினை இறுக்கும்போது என்ன ஆகும்? செயின் தொய்ந்தால் ஆக்சிலைப் பின்னால் தள்ளுகிறோம். சக்கரத்தோடு டிஸ்க்கும் பின்னால் போகும். பிராக்கெட்டை ஸ்விங் ஆர்மில் ஒரேயடியாக வெல்டிங் வைத்துவிட்டால், காலிப்பர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். பேட் டிஸ்க்கில் சரியாக உட்காராது. பிராக்கெட் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். அது சுழன்றுவிடாமல் தடுக்க ஸ்விங் ஆர்மில் ஒரு காடி வேண்டும், அல்லது இரு முனையிலும் போல்ட் போட்ட ஒரு தாங்குகம்பி வேண்டும்.

இரண்டாவது, என்ன உலோகம்? அலுமினியம் என்று மட்டும் சொன்னால் போதாது. இண்டாலியம் பாத்திரமும் அலுமினியக் கலவைதான், விமானத்தின் இறக்கையும் அலுமினியக் கலவைதான். 6061 டி6 என்ற ரகம் இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் அதன் வலு சூடுபடுத்திப் பதப்படுத்தியதால் வந்தது. அதன்மேல் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய் வலு வெகுவாகக் குறைந்துவிடும். வெல்டிங் தேவைப்படுகிற அமைப்பென்றால் தடித்த எம்.எஸ். பிளேட்டே மேல். எதில் செய்தாலும் உள்மூலையைக் கூராக விடக்கூடாது; வளைவு கொடுத்து, மழமழவென்று அரம் போட வேண்டும். விரிசல் பெரும்பாலும் அந்தக் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும். ஒரே நாளில் முறியாது. ஆயிரம் முறை பிரேக் பிடித்த பிறகு ஆயிரத்தோராவது முறை முறியும்.

மூன்றாவது, காலிப்பர் டிஸ்க்குக்கு நேராக நிற்கிறதா? காலிப்பர் நகரும் பின்கள் ஆக்சிலுக்கு இணையாக இல்லாவிட்டால் ஒரு பேட் மட்டும் தேயும், டிஸ்க் சூடேறும். வாஷரை அடுக்கிக் கண்ணளவில் சரி செய்வது சரியாகாது. அளந்து, அந்தக் கனத்துக்கு ஒரே துண்டாக ஸ்பேஸர் கடைந்து போட வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிற பையன் செய்யட்டும். அவன் கையைப் பிடித்துப் பாராட்டுவேன். மாட்டிய பிறகு முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் கழற்றி, விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் அடித்து ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன்.

பதில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அங்கே பலமான பிரேக் இருந்தால், ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி சட்டென்று சறுக்கும். நல்ல பிரேக் ஷூ போட்டு, டிரம்மைச் சுத்தம் செய்து, கம்பியைச் சரியாக இறுக்கி வைத்த பின் டிரம் நம் சாலைகளுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் முன்பிரேக்கையும் டயரையும் கவனிக்கலாம். பின்னால் டிஸ்க் வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் பல நேரம் அழகுதான். அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு என்ன விலை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனாலும் தடையால் மட்டும் இது நிற்காது. ஐ.டி.ஐ.யில் அரம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, மேலே போட்ட 80 கிலோ, 240 கிலோ கணக்கையும் ஒரு வகுப்பு சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

டிஸ்க்குக்கு ஒரு கம்பெனி பொறுப்பு, காலிப்பருக்கு ஒரு கம்பெனி பொறுப்பு. நடுவில் இருக்கிற பிராக்கெட்டுக்குச் செய்தவனும் மாட்டிக்கொண்டவனும்தான் பொறுப்பு. பேரன் அடுத்த முறை இந்தப் பேச்சை எடுத்தால் திட்டாதீர்கள். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, "எங்கே, அந்தப் பிராக்கெட்டை வரைஞ்சு அளவு போட்டுக் காட்டு கண்ணு" என்று சொல்லுங்கள். அதற்கப்புறம் பேசலாம்.