முதலில் விமானம், பிறகுதான் கார்டு

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததிலிருந்து என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “அண்ணே, வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்ட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?” கேட்பவர்களில் படிவம் 5 முடித்தவர்களும் உண்டு, போலிடெக்னிக்கில் படிப்பவர்களும் உண்டு. நான் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணியாளன். வார இறுதியில் அக்கம்பக்கத்தாரின் கணினிகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பேன். இரவில் ஒரு மணி நேரம் கணினியில் விமானம் ஓட்டுவேன். அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது.

நான் உடனே கார்டின் பெயரைச் சொல்வதில்லை. “என்ன விமானம், எந்த விமான நிலையம்?” என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு இது வியப்பாக இருக்கிறது. ஆனால் செலவு முழுவதும் இந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் சுபாங்கிலிருந்து கிளம்பி, கடற்கரையோரமாகப் பினாங்கு வரை தாழப் பறக்க விரும்புபவருக்கு நடுத்தரக் கணினி போதும். ஏர்பஸ் ஏ320 விமானத்தை எல்லாக் கருவிகளும் நிஜம்போல் இயங்க, சுற்றிலும் இருபது முப்பது விமானங்கள் நகரும் கே.எல்.ஐ.ஏ.வில் இறக்க விரும்புபவருக்குத் தேவையே வேறு. இரண்டும் ஒரே மென்பொருளில்தான் நடக்கின்றன. கணினியின் மேல் விழும் சுமை மட்டும் ஒன்றல்ல.

அந்தச் சுமை எங்கே விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. சாதாரண விளையாட்டுகளில் படம் வரைவதே பெரிய வேலை. அதனால் கிராபிக்ஸ் கார்டுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம். விமானப் பாவனையில் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் பெரிய கணக்கு ஒன்று நடக்கிறது: இறக்கைமேல் காற்றின் விசை, இயந்திரத்தின் நிலை, விமானி அறைத் திரைகள், மற்ற விமானங்கள், வானிலை. இதில் பெரும்பகுதி செயலியின் ஒரே ஒரு முக்கிய இழையில் வரிசையாக நடக்கிறது. செயலியில் 16 கருக்கள் இருந்தாலும் மற்றவை அந்த வேலையை அதிகம் பங்குபோட முடியாது. அந்த ஒரு கரு திணறும்போது, ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய கார்டு வேலையில்லாமல் காத்திருக்கும். அதனால்தான் எத்தனை கருக்கள் என்று எண்ணுவதைவிட ஒரு கரு எவ்வளவு விரைவானது என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்குமுன் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பரபரப்பான ஒரு விமான நிலையத்தில் விமானத்தை நிறுத்தி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரையின் தெளிவுத்திறனைப் பாதியாகக் குறையுங்கள். எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தால் கார்டுதான் தடையாக இருந்திருக்கிறது. ஏறக்குறைய அப்படியே நின்றால் தடை செயலியில் இருக்கிறது. புதிய கார்டு வாங்கினாலும் அங்கே பயன் இருக்காது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் பயன்முறையைத் திறந்தால் எது தடை என்று அதுவே எழுதிக் காட்டும். தடை செயலியில் என்றால் நிலப்பரப்பு விவரம், விமானப் போக்குவரத்து, விமானி அறைத் திரைகள் புதுப்பிக்கப்படும் வேகம் ஆகியவற்றைக் குறையுங்கள். கார்டில் என்றால் மேகம், நிழல், தெளிவுத்திறன். இதற்கு ஒரு காசும் ஆகாது. என்னிடம் வந்த பலர் இதைச் செய்து பார்த்துவிட்டு, வாங்க நினைத்ததை வாங்காமலே விட்டுவிட்டார்கள்.

செயலி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஏப்ரலில் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ்3டி நல்ல எடுத்துக்காட்டு. அதே வரிசையின் 5800எக்ஸில் மூன்றாம் நிலைத் தற்காலிக நினைவகம் 32 மெகாபைட். இதில் 96. அதன் கடிகார வேகம் 5800எக்ஸைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் விமானப் பாவனையில் அது பெரிதாக முந்தியது, ஏனென்றால் ஒரே தரவை மீண்டும் மீண்டும் தேடும் மென்பொருளுக்கு அந்தத் தரவு செயலிக்குள்ளேயே இருந்தால் நேரம் மிச்சம். இன்னொரு நன்மை: அது 2017 முதல் விற்பனையான ஏ.எம்.4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால் பொருந்தும். பலகை, ரேம், பெட்டி எதையும் மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்தச் செயலி புதிதாகக் கிடைப்பது இப்போது அரிதாகிவிட்டது. ஆனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: “இந்தப் பலகையில் மூன்று ஆண்டு கழித்து என்ன செயலி போடலாம்?” பதில் சொல்ல விற்பனையாளர் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள். லோ யாட் பிளாசாவில் கடைக்குப் பஞ்சமா?

ரேம் பற்றிச் சுருக்கமாக. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024-க்கு நிறுவனமே குறைந்தபட்சம் 16 ஜிகாபைட் என்றும், பரிந்துரை 32 என்றும் சொல்கிறது. உச்ச நிலைக்கு 64. மாணவருக்கு 32 போதும். அதையும் 16, 16 என இரண்டு துண்டுகளாக வாங்குங்கள், அப்போதுதான் இரு வழிகளிலும் தரவு ஓடும். 2020 பதிப்பு வட்டில் 150 ஜிகாபைட் கேட்டது. 2024 பதிப்பு 50 மட்டுமே கேட்கிறது, மீதியை இணையம் வழியாக இழுத்துக்கொள்கிறது. அதற்குப் பரிந்துரைக்கப்படும் இணைய வேகம் 50 எம்.பி.பி.எஸ். வீட்டில் இணையம் மெதுவென்றால் எக்ஸ்-பிளேன் 12 நல்ல மாற்று. கையில் காசே இல்லையென்றால் ஃபிளைட்கியர் இருக்கிறது. முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். அழகு குறைவுதான், ஆனால் செஸ்னா செஸ்னாவாகவே பறக்கும்.

எனக்குக் கோபம் வருவது ‘கேமிங் பேக்கேஜ்’ என்று விற்கிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான். போன மாதம் ஒரு மாணவர் கொண்டுவந்த விலைப்பட்டியலில் பெரிய கார்டு இருந்தது. ரேம் ஒரே துண்டு, 8 ஜிகாபைட். பவர் சப்ளைக்குப் பிராண்டு பெயரே எழுதப்படவில்லை. பெட்டியின் முன்பக்கம் முழுக் கண்ணாடி, காற்று நுழைய விரல் அகல இடைவெளிகூட இல்லை. ஏழு வண்ண விளக்கு மட்டும் குறையில்லாமல் இருந்தது. அவர் அதைப் பி.டி.பி.டி.என். கடனுதவியில் வாங்க நினைத்திருந்தார். பட்டம் பெற்ற பிறகு மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது.

அவருடைய அம்மா என்னிடம் தனியாகக் கேட்டார்: “இதை வாங்கிக் கொடுத்தா இவன் பைலட் ஆயிடுவானா தம்பி?” நான் பூசி மெழுகவில்லை. வீட்டுக் கணினியில் ஓட்டும் மணிநேரம் உரிமத்துக்குக் கணக்கில் சேராது. விமானிப் பயிற்சிக்குப் பல லட்சம் ரிங்கிட் ஆகும், அதற்கு இந்தக் கார்டு ஈடாகாது. ஆனால் சரிபார்ப்புப் பட்டியலை வரி தவறாமல் படிக்கும் பழக்கம், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசும் முறை, காற்று பக்கவாட்டில் தள்ளும்போது மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது — இவற்றையெல்லாம் வீட்டில் கற்க முடியும் என்றேன். இவற்றில் ஒன்றுக்கும் விலையுயர்ந்த கார்டு தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த மாணவர் பேக்கேஜை விட்டுவிட்டு, அண்ணனின் பழைய கணினியில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு, மிச்சத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினார்.

ஜாய்ஸ்டிக்கை நான் கார்டுக்கு முன்னால் வைக்கிறேன். விசைப்பலகையில் விமானம் இறக்குவது கையுறை போட்டுக்கொண்டு கோலம் போடுவதுபோல. வாங்கும்போது உள்ளே என்ன உணரி என்று கேளுங்கள். மலிவானவற்றில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். அதன் தடம் தேய்ந்தால் கை வைக்காமலே விமானம் ஒரு பக்கம் சாயும். டிரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்றவற்றின் முக்கிய அச்சுகளில் காந்த உணரி உண்டு. உரசல் இல்லாததால் அது தேய்வதில்லை. பறந்துகொண்டிருக்கும்போது ஜாய்ஸ்டிக் திடீரென்று துண்டிக்கப்படுகிறதா? உடனே தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸின் யு.எஸ்.பி. மின்சேமிப்பு அமைப்பை அணைத்துப் பாருங்கள். மின் இணைப்பு இல்லாத மலிவு யு.எஸ்.பி. ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். என்னிடம் ‘பழுது’ என்று வந்த ஜாய்ஸ்டிக்குகளில் பாதி இப்படியே சரியானவை.

வாங்குவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பராமரிப்பைப் பற்றி, அதுவும் நம் ஊர்ப் பராமரிப்பைப் பற்றி, பேசுவோர் குறைவு. வெளிநாட்டுக் காணொளிகளில் செயலியின் வெப்பம் 70 பாகை என்று காட்டுவார்கள். அவர்கள் அறை 21 பாகையில் இருக்கும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைவிடக் கீழே குளிர்விக்காது. நம் மாடி வீட்டு அறை பிற்பகலில் 32 பாகை என்றால், அதே கணினி 81-ஐத் தொடும். குளிர்விப்பானில் தூசு அடைத்துக்கொண்டால் இன்னும் பத்து கூடும். 90-லிருந்து 100 பாகைக்குள் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அப்போது, தரையிறங்கும் கடைசி நிமிடத்தில், படம் வெட்டி வெட்டி வரும். உடனே “கணினி பழசாகிவிட்டது” என்ற பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அது பழசாகியிருக்காது, மூச்சுதான் திணறியிருக்கும்.

நம் வீட்டுத் தூசு தனி ரகம். ஈரப்பதம் அதிகமானதால் அது பஞ்சாகப் பறக்காமல் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும். சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் ஊதுபத்திச் சாம்பலும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் பாட்டி என்னைச் சும்மா விடமாட்டார். கணினியைத்தான் இடம் மாற்ற வேண்டும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்க மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையும் காற்று ஊதுவானும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். பவர் சப்ளையை மட்டும் எந்த நாளிலும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மடிக்கணினி வைத்திருக்கும் விடுதி மாணவர்களுக்கு ஒன்று: மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள், பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்துங்கள், ஃபிரேம் எண்ணிக்கையை 30-இல் கட்டிப்போடுங்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு 30 போதாது. சீரான 30 இருந்தால் விமானம் நன்றாகவே பறக்கும், சூடும் குறையும்.

பிறகு மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னல் எவ்வளவு அதிகம் என்பது இங்கே வசிப்பவர்களுக்குத் தெரியும். மின்னெழுச்சித் தடுப்பான் உள்ள நீட்டிப்புப் பலகை வாங்குங்கள், அதையே முழுதாக நம்பியும் இருக்காதீர்கள். இடி இடிக்கும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். கூடவே இணையக் கம்பியையும். பலர் மின்கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, ரவுட்டரிலிருந்து வரும் கம்பியை மறந்துவிடுகிறார்கள். அதன் வழியே வந்த எழுச்சியால் கருகிய மதர்போர்டுகள் இரண்டு என் அலமாரியில் இருக்கின்றன.

உண்மையான விமானத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் குறிப்பேடு உண்டு. கணினிக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், 50 காசு பள்ளி நோட்டு போதும். மாதம் ஒருமுறை ஒரே விமானம், ஒரே வானிலை, ஒரே அமைப்பு. நான் சுபாங் ஓடுபாதை 15-இலிருந்து செஸ்னாவில் ஏறி, 20 நிமிடம் பறந்து, செயலியின் வெப்பத்தையும் ஃபிரேம் எண்ணிக்கையையும் குறித்துவைப்பேன். மார்ச்சில் 78 பாகை, 41 ஃபிரேம். ஏப்ரலில் 79. ஜூலையில் 87 பாகை, 33 ஃபிரேம். மூடியைத் திறந்தால் குளிர்விப்பானின் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தூரிகையும் ஊதுவானுமாக இருபது நிமிட வேலை. அன்றிரவு குறித்தது: 77 பாகை, 41 ஃபிரேம்.