விளையாடட்டும், ஆனால் பேச ஆள் வேண்டும்

வேலைக்கான நேர்காணலில் நம் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்திருப்பார்கள். இலக்கணக் கேள்வியைத் தாளில் கொடுத்தால் சரியாக எழுதிவிடுவார்கள். ‘உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் மட்டும் வாய் வராது. தப்பாகப் பேசினால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். பயமும் பதற்றமும் உள்ள மனதில் புதுமொழி ஏறாது என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களிலேயே வலியுறுத்தினார்.

விளையாட்டு வழிப் பாடங்கள் இந்தக் கூச்சத்தைத்தான் முதலில் உடைக்கின்றன. 2012-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டூலிங்கோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான லூயிஸ் வான் ஆன், குவாதமாலாவில் பிறந்தவர். ஏழை நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவருக்கு வருமானம் எப்படிக் கூடுகிறது என்பதைக் கண்ணால் கண்டவர். செயலியில் பிழை செய்தால் யாரும் சிரிப்பதில்லை. அதே கேள்வி சற்று நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. எத்தனை முறை தப்பினாலும் மானம் போகாது. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் புள்ளிகள் எதற்குக் கிடைக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் படத்தைத் தொட்டதற்கும், சொற்களைப் பொருத்தியதற்கும், ஒருநாள்கூட விடாமல் வந்ததற்கும்தான். பேச்சு என்பது எதிரில் இருப்பவருக்கு நாம் சொன்னது விளங்காதபோது, அவர் முகத்தைப் பார்த்து வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பது. கைப்பேசிக்கு முகம் இல்லை.

அந்த முகம் வகுப்பறை விளையாட்டில் கிடைக்கும். பேரிக்காய்க்கும் கரடிக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேர்’தான், இந்தக் கட்டுரையில்கூட வேறுபடுத்திக் காட்ட வழியில்லை. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வன்மையாகவும் அடுத்தது மென்மையாகவும் வருகிறது. தமிழில் அதை எழுத்து நிற்கும் இடமே தீர்மானித்துவிடுவதால், நம் காது அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்தில் அது மாறினால் பழம் விலங்காகிவிடும். கரும்பலகையில் ஒரு பக்கம் பேரிக்காயும் மறுபக்கம் கரடியும் வரையுங்கள். ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் காதில் விழுந்த பக்கம் ஓடட்டும். எல்லோரும் தவறான பக்கம் ஓடினால், சொன்னவள் தொண்டையில் விரல் வைத்து மறுபடி சொல்லிப் பார்ப்பாள். கரடிக்கு அதிர்வு முந்திவிடும். இலக்கணப் புத்தகம் ஓராண்டில் கற்றுத்தராததை இந்த ஓட்டம் ஒரு பாடவேளையில் கற்றுத்தரும். முதுகோடு முதுகாக இருவரை உட்காரவைத்து, ஒருவர் படத்தை விவரிக்க மற்றவர் வரைவதும் அப்படித்தான். செலவு ஒரு காகிதம், ஒரு பென்சில்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளோடு படித்தார்கள். விளையாடிப் படிப்பது தொடக்கப் பள்ளியோடு நின்றுபோனதுதான் என் வருத்தம். ஆங்கிலம் பேசக் கூச்சம் தொடங்குவதோ ஆறாம் வகுப்புக்கு மேல்தான்.

ஏன் நின்றது? தேர்வு கேட்பதைத்தான் வகுப்பறை சொல்லித்தரும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. வாய் திறக்காமலே நூற்றுக்கு நூறு வாங்கலாம். அப்படியிருக்க, பாடத்தை முடிக்கப் பதறும் ஆசிரியர் எந்தத் துணிச்சலில் பிள்ளைகளை ஓடவிடுவார்?

அந்த நூறில் 20 மதிப்பெண்ணைக் கேட்டலுக்கும் பேச்சுக்கும் பள்ளிக் கல்வித் துறை ஒதுக்க வேண்டும். பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை பிள்ளை செயலியில் பாடத்தை முடித்ததும், அதில் கற்ற சொற்களை வைத்து உங்களிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள்.