திருட்டா, தீட்டா?

எங்கள் புலனக் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது 'புனிதத்தைக் கெடுத்துட்டான்' என்று கொதிப்பார். கவிதையில் அம்மன் சுருட்டுப் பிடித்திருப்பாள், இல்லை யாராவது கோயில் வாசலில் ரீல்ஸ் எடுத்திருப்பார்கள். உடனே போலீஸ் ரிப்போர்ட்.

ஆங்கிலத்தில் இதற்கு 'சாக்ரிலேஜ்' என்று பெயர். லத்தீனில் 'சாக்ரும்' என்றால் புனிதப் பொருள், 'லெகெரே' என்றால் பொறுக்குவது, எடுத்துக்கொள்வது. முதல் பொருள் கோயில் திருட்டுதான். மனம் புண்படுவதெல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்டது. நம் ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். 'சிவன் சொத்து குல நாசம்' என்பதில் இருப்பது சொத்து. கோயிலுக்கு விட்ட நிலத்திலும் விளக்கிலும் கைவைப்பவனைத்தான், கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பழைய கல்வெட்டுகள் சபிக்கின்றன.

தீட்டு வேறு கதை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, பட்டர்களில் ஒரு சாரார் கோயில் தீட்டுப்பட்டதென்று பூசைக்கு வர மறுத்தார்கள். போனவர்கள் எதையும் எடுக்கவில்லை. சாமி கும்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் கோல சிலாங்கூருக்கு வாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டம் (ஊரை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், பாட்டிக்கு இன்னும் பெர்ஜுந்தைதான்). மாரியம்மன் கோயில் எழும்பியது தாத்தா மாதிரி பால்மரம் வெட்டியவர்களின் சம்பளக் காசில். நிலப் பட்டா மட்டும் கம்பெனி பேரில். நிலம் கைமாறியது, கோயில் வடிகால் ஓரத்துக்கு 'இடமாற்றம்' ஆனது. குழுவில் ஒருத்தரும் கொதிக்கவில்லை. இடமாற்றத்தில் யார் மனமும் புண்படாதாம்.

சட்டமும் அப்படித்தான். நம் தண்டனைச் சட்டத்தின் 295ஆம் பிரிவு, 2024 வரை நடப்பில் இருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே எண், ஏறக்குறைய அதே வாசகம். வழிபாட்டிடத்தை இடித்தால் குற்றம், ஆனால் மதத்தை அவமதிக்கும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். யாருடைய உழைப்பை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

"நிலமே கம்பெனியோடது, அப்புறம் என்ன?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர் வேறு எந்த நிலத்தில் போய்க் கோயில் கட்டியிருப்பார், சொல்லுங்கள்?

ரிப்போர்ட் எழுதும் நண்பர்களே, ஒருநாள் நில அலுவலகம் போய் உங்கள் கோயில் மனை யார் பேரில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்தேன். வடிகால் ஓரத்து மனையும் எங்கள் கோயில் பேரில் இல்லை.