மலை வண்டிகளின் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

போளூரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையில் ஓடும் பிக்கப், 407 லாரி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் என்று பலவும் எங்களிடம் பழுதுக்கு இறங்கி வருகின்றன. அவற்றில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது முன் சக்கரத்தில் கிரீஸும் ஆயிலும் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீலின் கசிவுதான். ஓட்டுநர்கள் பலர் அதைப் பழுதாகவே எண்ணுவதில்லை. வண்டி நிற்காது, சத்தம் போடாது, மைலேஜும் குறையாது. டயரின் உள்பக்கம் மட்டும் கறுப்பாக ஈரம் படிந்திருக்கும். அந்த ஈரம் பிரேக் லைனிங்கைத் தொட்ட பிறகுதான் ஆபத்து புரியும். புரிகிற இடம் பெரும்பாலும் இறக்கத்து வளைவாக இருக்கும்.

மலை வண்டியின் சீல் ஏன் சீக்கிரம் போகிறது? ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டமும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். 3 டன் எடையுள்ள வண்டி அங்கிருந்து 500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சின்ன கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனை சூடும் பிரேக்குக்குத்தான். பிரேக்கிலிருந்து ஹப்புக்கு, ஹப்பிலிருந்து சீலுக்கு என்று சூடு ஏறும். சாதாரண சீலில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரைதான் நெடுநேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் இறுகி வெடிக்கும். மட்டமான கிரீஸ் உருகி ஓடும்.

“அண்ணே, சீல் மட்டும் மாத்திக் குடுங்க, நாளைக்குப் புளி லோடு இருக்கு” என்பார்கள். அவர்கள் அவசரம் எனக்குத் தெரியும். சாமையும் புளியும் பலாவும் சந்தைக்கு வந்தால்தான் நம்மியம்பட்டிலும் கோவிலூரிலும் கையில் காசு புரளும். ஆனாலும் சீல் தானாகக் கெடுவது குறைவு. அதைக் கெடுத்தது எது என்று பார்க்காமல் புதுச் சீல் போட்டால், அதே கசிவோடு அதே வண்டி திரும்பி வரும்.

முதலில், கசிவது எது என்று விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், பெயிண்ட்டை அரிக்கும். அது வந்தால் வீல் சிலிண்டரையோ காலிப்பரையோ பார்க்க வேண்டும், சீலை அல்ல. சாதாரண பிக்கப்பின் முன் ஹப்பில் இருப்பது கிரீஸ் மட்டுமே. முன் அச்சிலும் கிரவுன் உள்ள ஜீப்பில்தான் கியர் ஆயில் அச்சுக் குழாய் வழியாகச் சக்கரம் வரை வரக்கூடும்.

அடுத்தது பேரிங். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின்னிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கிறது. பேரிங் தளர்ந்த சக்கரத்தில் எந்தச் சீலும் நிலைக்காது. ஜீப்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அச்சு ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதர் (காற்றுத் துளை) சேற்றில் அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான்.

பழைய சீலைக் கழற்றியதும் அதன் உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. ஸ்லீவ் போட வேண்டும் அல்லது பாகத்தையே மாற்ற வேண்டும். புதுச் சீலின் உதட்டில் கிரீஸோ ஆயிலோ தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்நோக்கி இருக்கும்படி வைத்து, சுற்றிலும் சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்தால் சீல் கோணி அன்றைக்கே கெடும். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ திரும்பப் போடக் கூடாது. வலது, இடது இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்த இழுப்பு என்ன செய்யும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் இதே மலையில் புதூர்நாடு அருகே செம்பரையில், கோயிலுக்குப் போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குச் சீல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இந்த மலையில் சரக்கு வண்டியில்தான் மனிதர்களும் போகிறார்கள், பாதையில் தவறுக்கு இடமே இல்லை என்பதை அது காட்டியது. போதிய பேருந்துகள் வரும்வரை மக்கள் அப்படித்தான் போவார்கள். அதுவரை அந்த வண்டிகளின் பிரேக்கையாவது நாம் உறுதி செய்ய வேண்டாமா?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 8 ஆண்டு வரையுள்ள சரக்கு வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். சமவெளி வண்டிக்கும் மலை வண்டிக்கும் ஒரே கணக்கு. எஃப்.சி.க்குப் போகுமுன் அடிப்பாகத்தைக் கழுவிப் பெயிண்ட் அடிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கழுவிய சக்கரத்தில் கசிவு தெரியாது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹப்பைக் கழற்றி உள்ளே பார்ப்பதில்லை.

ஆகவே மலை வண்டிகளுக்கு மலையிலேயே தனிச் சோதனை வேண்டும். ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்தி, பல துறைகளின் அரங்குகளை அமைக்கிறது. அங்கேயே போக்குவரத்துத் துறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கும் இலவச முகாமை நடத்தலாம். கசிவு கண்ட வண்டிக்கு அபராதம் போடக் கூடாது. அபராதம் என்றால் யாரும் வரமாட்டார்கள். சீலுக்கும் லைனிங்குக்கும் ஆகும் செலவைப் பழங்குடியினர் நலத் துறை ஏற்கட்டும். சீல் சில நூறு ரூபாய்தான்.

இந்த வேலையை மலை இளைஞர்களுக்கே கற்றுக்கொடுக்க வேண்டும். பிரஸ், டயல் கேஜ், டார்க் ஸ்பேனர் ஆகியவற்றோடு ஜமுனாமரத்தூரில் முறையான பட்டறை இருந்தால், பிரேக் சந்தேகமுள்ள வண்டி பழுது பார்ப்பதற்காகவே மலை இறங்க வேண்டியிருக்காது. இன்று பிரேக்கைச் சரிபார்க்க, அந்தப் பிரேக்கையே நம்பித்தான் போளூருக்கு இறங்கி வருகிறார்கள். இந்த நிலை மாற வேண்டும். அதற்குப் பெரிய திட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. அடுத்த மழைக்கு முன் தொடங்கலாம்.