கிடேரிக்கு வேண்டுதல், மகளுக்கு வசை

ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைச் சொல்கிறது தொல்காப்பிய மரபியல். பெண்ணுக்கு மூடு, கடமை என இரண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் நம் தோல் நாட்டில் இச்சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. கிடாயும் பெட்டையுமே போதுமானவையாக இருக்கின்றன. பக்ரீத்துக்கு முன் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் கிடாய்கள். பெட்டைகள் குட்டி ஈனுவதற்காகப் பட்டியிலேயே தங்கிவிடும். பட்டியை மட்டும் கண்ட ஒருவர், ஆட்டுக்குப் பெட்டைக் குட்டிகளே மிகுதியாகப் பிறக்கும் என்று எண்ணக்கூடும். உண்மையில் ஈனும்போது இரண்டும் ஏறத்தாழச் சமமே; பட்டியின் கணக்கை மாற்றியவர் ஆட்டுக்காரர்.

மாட்டுத் தொழுவத்திலும் இதே விருப்பந்தான். சினைப்பசு கிடேரி ஈன வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அதே வீட்டில், மருமகள் பெண் பெற்றால் முகங்கள் வாடுகின்றன. பசுவுக்கேனும் இப்போது வேறு வழி வந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோம் கொண்ட காளை விந்தணுவில், ஒய் கொண்டதைவிட ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதலான டி.என்.ஏ. உண்டு. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே விந்தணுக்களைப் பிரிக்கிறார்கள். பிரித்த விந்தைச் செலுத்தினால் பிறக்கும் கன்றுகளில் 100-க்கு 90 வரை கிடேரிகளாக அமைகின்றன. நம் மாநிலத்தில் உதகமண்டலத்தில் இதற்கான நிலையம் உள்ளது. பால் கணக்கில் இது நியாயமே, நாம் குறைகூறவில்லை. ஆனால் இத்தொழில்நுட்பத்தின் அடிப்படையே, பாலைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணு என்பதுதான். காளையின் விந்தைப் பிரித்துக் கிடேரிக்கு வழி தேடும் ஊர், மகள் பிறந்ததற்கு மருமகளை ஏசுவது எங்ஙனம்?

பாலூட்டிகளில் தாயின் கருமுட்டை எப்போதும் எக்ஸ் ஒன்றையே தருகிறது. ஒய் குரோமோசோமில் இருந்துகொண்டு கருவை ஆணாக்கும் மரபணுவை 1990-இல் அடையாளம் கண்டனர். இதைச் சொன்னால், 'அப்படியென்றால் குற்றம் மகனுடையதா?' என்று சிலர் சினக்கின்றனர். பழியைத் தாயிடமிருந்து அவிழ்த்துத் தந்தையிடம் கட்டுவது நம் நோக்கமன்று. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை.

இயற்கை ஒருபோதும் சாய்வதே இல்லையா என்றால், சிறிது சாய்கிறது. மனிதரில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 105 ஆண்கள் பிறக்கின்றனர். நல்ல உடல்நிலையிலுள்ள தாய் ஆண்மகவையே மிகுதியாக ஈனுவாள் என்றொரு கருதுகோளை 1973-இல் டிரைவர்ஸ், வில்லார்ட் என்னும் இருவர் முன்வைத்தனர். ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களில் மேலாதிக்கம் உடைய பிணைகளுக்கு ஆண் கன்றுகள் கூடுதல் என 1984-இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் அத்தீவில் மான்கள் பெருகியபோது அந்தச் சாய்வே மறைந்துபோயிற்று. உணவைக்கொண்டு ஆண்பிள்ளை பெறலாம் என்று நூல் விற்போர் இந்தப் பிற்பகுதியைச் சொல்வதில்லை.

நஞ்சும் சாய்க்கும். இத்தாலியின் செவெசோவில் 1976-இல் டையாக்சின் பரவியது. மிகுதியாக மாசுற்ற பகுதியைச் சேர்ந்த பெற்றோருக்கு 1977 முதல் 1984 வரை 26 ஆண்களும் 48 பெண்களும் பிறந்தனர். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு உடனே தோல் கழிவின் நினைவு வருவது இயல்பே. ஆயினும் டையாக்சின் வேறு, குரோமியம் வேறு. அங்குக் கண்டதை இங்கு ஒட்டவைத்தல் ஆகாது. பாலாற்றுக்கு இழைத்த தீங்கைச் சொல்ல, உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பே போதும்.

நம் நாட்டின் பெருஞ்சாய்வு வேறு வகையது. அதைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையே கே.வி. குப்பம் இருக்கிறது. அவ்வட்டாரத்தின் 12 சிற்றூர்களில் 1986 முதல் 1990 வரை பிறப்புகளைத் தொடர்ந்து பதிந்து வந்த சாபு ஜார்ஜ், இராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். உயிருடன் பிறந்தவர் 759 பேர்: ஆண் 378, பெண் 381. இயற்கை இதைவிடச் சமமாகப் பங்கிட இயலாது. ஓராண்டு நிறையுமுன் இறந்த ஆண்கள் 23 பேர், பெண்கள் 33 பேர். அந்த 33 பேரில் 19 பேர் கொல்லப்பட்டவர்கள்.

அப்பத்தொன்பது சாவுகளும் பன்னிரண்டில் ஆறு ஊர்களில் மட்டுமே நிகழ்ந்தன என்பதே நம்மை மிகவும் உறுத்துகிறது. மற்ற ஆறிலும் அதே வானம், அதே கேழ்வரகு, அதே ஏழ்மை. 2011 கணக்கெடுப்பில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 944 பெண்கள் இருந்தனர். பார்வைக்கு இயல்பான எண்தான். மாவட்டச் சராசரி என்பது இப்படி ஆறு ஊர்களை மறைத்துக்கொள்ளவும் வல்லது.

சிசுக்கொலை அருகி, கருவிலேயே பால் கண்டறிதல் அவ்விடத்தைப் பிடித்தது. அதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. கருவுறுமுன் பால் தெரிவு செய்வதையும் 2003-இல் அதற்குள் சேர்த்தனர். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் விடியலில் பேருந்து ஏறி வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கூலியில் அடுப்பெரியும் வீடுகளிலும் இரண்டாவது பெண் பிறந்தால் அவர்களிடமே கேள்வி கேட்கப்படுகிறது. எக்ஸ், ஒய் பாடத்தைப் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சொல்லித் தருகிறோம். மகப்பேற்றுப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் மாமியாருக்கும் மாமனாருக்கும் அதை யாரும் சொல்வதில்லை. கருவுற்றவள் முதன்முறை பதிவுக்கு வரும் நாளிலேயே கணவனையும் அவன் பெற்றோரையும் அழைத்து உட்கார வைத்து, கிராமச் செவிலியர் கால் மணி நேரம் இதைத் தமிழில் விளக்கலாம். தொழுவத்துப் பசுவை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இன்னும் விரைவில் விளங்கும்.